பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், தூக்கி எறியாதீர்கள்

மும்பை விக்ரோலியின் பார்க்சைட்டிலும் கன்னம்வார் நகரிலும் தின்பண்டத்தைப் பற்றிக் குறை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சத்துமாவில் புழு, பிஸ்கட்டில் பூஞ்சை, பாலில் ஒரு வாடை. பாக்கெட் எங்கே என்றால் குப்பையில். பில் எங்கே என்றால் கேட்கவே இல்லை. மிச்சம் இருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம். அதிலும் தெரிவது பாக்கெட்டின் முன்பக்கம்தான். பேட்ச் நம்பர் தெரியாத படத்தை வைத்து எந்த அதிகாரியும் துரும்பைக்கூட அசைக்க மாட்டார். பேட்ச் நம்பர் இருந்தாலே அசைய வைப்பது பெரும்பாடு.

முன்பக்கம் கம்பெனியின் விளம்பரம். உங்களுக்கு வேண்டியது பின்பக்கம். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலை எடை கூடியதில் தொடங்கி இறங்குவரிசையில் போட வேண்டும் என்பது சட்டம். முன்னால் கொட்டை எழுத்தில் ராகி, பின்னால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, நான்காவதோ ஐந்தாவதோ ராகி என்றால், நீங்கள் வாங்கியது மைதா பிஸ்கட்.

‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் இல்லை. போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுத்துவிடும்படி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. ஆனாலும் கடைக்குப் போய்க் குழந்தைக்கு ஹெல்த் டிரிங்க் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 30 கிராம் என்று ஒரு டப்பாவில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளையும் 20 கிராம் வீதம் கலக்கினால், பொடியிலிருந்தே 12 கிராம் சர்க்கரை. அதற்கு மேல் அம்மா போடும் ஒரு ஸ்பூன் தனி. லேபிளில் வரும் சதவீதக் கணக்கோ ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவருக்குப் போட்டது; ஐந்து வயதுப் பிள்ளைக்கு அல்ல.

வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் இனிப்புப் பானத்துக்கும் இதே எச்சரிக்கைதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்தின் பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது அந்த அளவு. திருப்பிப் பாருங்கள்.

ஐந்து ரூபாய் பாக்கெட்டில்தான் சிக்கல். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டாத பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலும் சத்து அட்டவணையும் போட வேண்டாம் என்று விதியே விலக்குத் தருகிறது. நம் பிள்ளைகள் தின்பதெல்லாம் அந்த அளவுதான்! விதி எழுதியவர்கள் நம் சால் குடியிருப்புப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். அந்த விவரம் மொத்த அட்டைப்பெட்டியில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இட்லி மாவு விற்பவர் நம்ம ஊர்க்காரர், எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். வீட்டில் அரைத்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் உண்மையானதா என்பதை ஃபோஸ்காஸ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். ஆகவே பில் கேளுங்கள். பத்து ரூபாய்ப் பொருளானாலும் கேளுங்கள்.

கோளாறு என்று தெரிந்தால் வார்டு ஆபீசுக்கு ஓடி அலைய வேண்டாம். கலப்படம், காலாவதி, பொய் லேபிள் எல்லாம் மாநில உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் வேலை. அலுவலகம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்சில். விக்ரோலியிலிருந்து ரயிலில் குர்லா போய் அங்கிருந்து பஸ்சோ ஆட்டோவோ பிடிக்கலாம். கட்டணமில்லாத எண் 1800-222-365. போன் செய்ததோடு நிறுத்தாதீர்கள். பொருளின் பெயர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, 14 இலக்க எண், கடையின் முகவரி, வாங்கிய தேதி எல்லாம் வருகிற மாதிரி மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். மராத்தியில் இருந்தால் நல்லது. பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறதே. மனுக்களைப் பெறும் ஆவக்-ஜாவக் மேசையில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் எண்ணும் வாங்குங்கள். சீல் இல்லாவிட்டால் நீங்கள் வந்ததற்கே அத்தாட்சி இல்லை. கையில் இருக்கும் ஒரே பாக்கெட்டை ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாதது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு. வாங்குகிறவரே கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்தால் இந்தப் பிரிவு உதவாது. பொருள் தவறு என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

சாப்பிட்டு உடம்புக்கு வந்துவிட்டால், ராஜாவாடி ஆஸ்பத்திரியோ பக்கத்து டாக்டரோ, எதை எப்போது சாப்பிட்டோம் என்பதைக் கேஸ் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். 65ஆவது பிரிவின்படி சாதாரணப் பாதிப்புக்கு 1 லட்சம் வரை, கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, உயிரிழப்புக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல் இழப்பீடு உண்டு. அந்தத் தாள் இல்லாமல் இதையெல்லாம் நிரூபிப்பது கஷ்டம்.

பணத்தகராறுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் பாந்த்ரா கிழக்கில் சேத்னா கல்லூரிப் பக்கம் இருக்கும் புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சூப்பர் மார்க்கெட் பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.