"ஊருக்குள்ளயா, காலனியா?" – கல்லூரியில் முதல் வாரம்

ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, கெலமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் தளிக்கோ, ஓசூருக்கோ, பேருந்து மாறி கிருஷ்ணகிரிக்கோ போவார்கள். நம் தெருக்களில் பல வீடுகளுக்குக் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். அங்கே என்ன நடக்கும் என்று சொல்லி அனுப்ப வீட்டில் யாரும் இல்லை.

முதல் சில நாட்கள் பாடம் நடக்காது. முதல்வர் பேசுவார், துறைத் தலைவர்கள் பேசுவார்கள், நூலகத்தைக் காட்டுவார்கள். இந்த அறிமுக நிகழ்ச்சிக்கு 'தீக்‌ஷாரம்ப்' என்று பெயர் வைத்து, 2019இல் யு.ஜி.சி. ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. (அந்தப் பெயரை வாயில் நுழைப்பதற்குள் வாரம் முடிந்துவிடும்.) தவறாமல் போங்கள். எந்தக் குறைக்கு யாரிடம் போய் நிற்பது என்பது அங்கேதான் தெரியும்.

ஆனால் உண்மையான அறிமுகம் பேருந்திலும் கேன்டீனிலும் விடுதி அறையிலும் நடக்கிறது. "எந்த ஊரு?" என்பார் சீனியர். ஊர்ப் பெயரைச் சொன்னால் விடமாட்டார். "அங்க எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா, காலனியா?" அடுத்து அப்பாவின் தொழில், குலதெய்வம், கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளை என்றால் அதன் தமிழைக் கேட்டுச் சிரிப்பு வேறு. மறுநாள் ஒரு பட்டப்பெயர் விழும். சாப்பிடும்போது பக்கத்து இடம் காலியாகும். யாரும் கைவைக்கவில்லை, சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. அதனால் இது ராகிங் இல்லை என்று நம் பிள்ளைகளே நினைத்துக்கொள்கிறார்கள்.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டார். அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரு இறந்த பிறகு யு.ஜி.சி. விதிகள் வந்தன. அந்த விதிகளில் ராகிங் என்பதன் விளக்கத்துக்குள் சாதி நுழைய 2016 ஜூன் திருத்தம் வரை ஆனது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்திருந்தார்.

சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த ஊர், வசிக்கும் இடம், பொருளாதார நிலை இவற்றை வைத்து ஒரு மாணவரை மனதளவில் துன்புறுத்தினாலும் ஒதுக்கிவைத்தாலும் அது ராகிங் என்கிறது அந்தத் திருத்தம். 'வசிக்கும் இடம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காலனியா என்று கேட்டுவிட்டுத் தள்ளிவைப்பது அதற்குள் வருகிறது.

எந்தத் தெரு என்று சீனியருக்குச் சொல்ல வேண்டிய கடமை எந்த மாணவருக்கும் இல்லை. தொல்லை தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். கல்லூரி ராகிங் தடுப்புக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். 1800-180-5522 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும். ராகிங் நடந்தது தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல் துறைக்குப் போக வேண்டியது கல்லூரித் தலைமையின் பொறுப்பு. சாதிப் பாகுபாட்டைக் கவனிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அலுவலர் வேண்டும் என்கின்றன 2012ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள். அவர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இரண்டாம் வாரம் பிள்ளை "காலேஜ் பிடிக்கல" என்று சொன்னால், "சரி, சம்பளமாவது வரட்டும்" என்று மூன்றாம் வாரமே சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். அங்கே யார் என்ன கேட்டார்கள் என்று உட்காரவைத்துக் கேளுங்கள்.

சில வகுப்பறைகளில் ஆசிரியரே "எஸ்.சி. பசங்க எழுந்திருங்க" என்று உதவித்தொகைப் படிவம் தருவதும் நடக்கிறது. அலுவலகத்தில் தனியாகக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்? அந்த வெட்கத்தில் படிவம் வாங்காமல் விட்டுவிடாதீர்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உரிமை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. சாதிச் சான்று, வருமானச் சான்று, மாணவர் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். இருளர் பிள்ளைகளுக்குச் சான்று தருவது தாசில்தார் அல்ல, ஓசூர் சார் ஆட்சியர். அதற்கு நாள் பிடிக்கும். கல்லூரி திறக்கும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.