நாலாம் தசமத்தில் நிற்கும் பிள்ளைகள்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே யாழ்ப்பாணத்துச் சந்திகளில் பதாகைகள் முளைத்துவிடும். மாவட்டத்தில் முதலிடம், தீவில் இத்தனையாம் இடம், மூன்று ஏ என்று பிள்ளைகளின் படங்கள். ரியூட்டரியின் பெயர் மட்டும் பிள்ளையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

பதாகையில் இல்லாதவர்களைத் தோற்றுப்போனவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்களே ஒரு இலட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்களில் இருக்கும் இடமோ அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். மிச்சப் பேரும் சித்தியடைந்தவர்களே. அவர்களுக்குக் கதிரைதான் இல்லை.

யாருக்குக் கதிரை என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்து, அவற்றின் சராசரியை நாலு தசமதானத்துக்கு எழுதினால் இசட் புள்ளி. பௌதிகவியல் வினாத்தாள் கடினமாக வந்தால் அதை எழுதியவர்களுக்கு அநியாயம் நடக்கக் கூடாது என்று கொண்டுவந்த ஏற்பாடு. நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் 2011இல் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கணித்தார்கள். அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை இரத்துச் செய்யவேண்டி வந்தது. அந்தத் தொகுதிப் பிள்ளைகள் பரீட்சையையும் எழுதி, தீர்ப்புக்காகவும் காத்திருந்தார்கள்.

இடங்களைப் பங்கிடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்தில் மயிரிழையில் தவறிய ஒருவரின் புள்ளி முல்லைத்தீவில் போதுமாக இருந்திருக்கும். ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வேறு எப்படித்தான் உள்ளே எடுப்பது? இந்த ஒதுக்கீடு வேண்டும் என்பதே என் கட்சி.

தமிழரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே தரப்படுத்தல் வந்துவிடும். வருவது நியாயம். 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 புள்ளி போதும், தமிழ்மூலம் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் பின்னர் நேர்ந்தவற்றை இங்கு விளக்கத் தேவையில்லை. அன்று ஒதுக்கீட்டால் பெரிதும் இழந்த யாழ்ப்பாணம் இன்று அந்தப் 16 பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இதைச் சொன்னால் எங்கள் பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வரும்.

அரை நூற்றாண்டாக நாங்கள் வாதாடுவது யாருக்கு எத்தனை இடம் என்பதைப் பற்றித்தான். இடம் கிடைக்காத பிள்ளை 19 வயதிலிருந்து 22 வயதுவரை என்ன செய்கிறது என்று கேட்பாரில்லை.

அந்தப் பிள்ளை காத்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்காக ஒருவர் மூன்று தடவை எழுதலாம். முதற்தடவை பள்ளிக்கூடத்தின் பெயரில். அதற்குப் பிறகு பெரும்பாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தி. சீருடை இல்லை, வகுப்பாசிரியர் இல்லை, வரவு இடாப்பில் பெயர் இல்லை. தகரக் கொட்டிலில் நீள வாங்குகளில் நெருக்கியடித்து இருக்கும் ரியூசன் வகுப்பில் இவர்களை இலேசாக அடையாளம் காணலாம். ஆசிரியர் அடுத்து என்ன பகிடி விடுவார் என்பதுகூட அவர்களுக்கு மனப்பாடம். பக்கத்தில் இருப்பது தம்பியின் வகுப்புப் பொடியன். போன வருடத்து ரியூட்டையே இந்த வருடமும் வைத்திருப்பார்கள். ஓரங்களில் மையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். கோயில் திருவிழாவுக்குப் போனால், "என்ன பிள்ளை, கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" என்ற கேள்வி. "இன்னொருக்கா எடுக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவவேண்டும்.

இன்னொருக்கா எடுக்கவும் வசதி வேண்டும். தகப்பன் கூலிக்குப் போகும் வீட்டில் இரண்டாம் தடவைக்கே காசில்லை. அந்தப் பிள்ளை நேரே கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிறது. மூன்று வாய்ப்பு என்பது சட்டத்தில் எல்லாருக்கும் பொது. நடப்பில் அது வீட்டு வருமானத்தைப் பொறுத்தது.

இதற்குள் நாட்காட்டி வேறு. 2022ஆம் ஆண்டுப் பரீட்சை நடந்தது 2023 ஜனவரி, பெப்ரவரியில். வரிக் கொள்கையை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்த மறுத்தார்கள். பெறுபேறு செப்டம்பரில்தான் வந்தது. அடுத்த பரீட்சை 2024 ஜனவரி. இடையில் நாலு மாதம். மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, எப்போதும் பெறுபேற்றுக்குப் பிறகே வரும். ஆகவே தனக்கு இடம் உண்டா இல்லையா என்று உறுதியாகத் தெரியாமலே, வெட்டுப்புள்ளியின் விளிம்பில் நிற்கும் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறக்கவேண்டும். போன வருட வெட்டுப்புள்ளியை வைத்துச் சாத்திரம் பார்ப்பதுதான் மிச்சம்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. கல்வியியற் கல்லூரிகள், உயர் தேசிய டிப்ளோமா, தாதியர் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் வீட்டில் அவை கம்பஸ் கிடைக்காதவனுக்கான ஆறுதல் பரிசாகவே பேசப்படுகின்றன. பட்டம் பெற்றவர்கள் 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததைப் பார்த்த பிறகும் இந்த மனக்கணக்கு மாறவில்லை.

2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. 2025 ஏப்ரல் 26இல் பெறுபேறு வந்துவிட்டது. இது நல்ல முன்னேற்றம். வெட்டுப்புள்ளியும் இதே வேகத்தில் வந்தால், மறுபடி எழுதுவதா வேறு பாடநெறிக்குப் போவதா என்று பிள்ளையால் தெரிந்து முடிவெடுக்க முடியும். புதிய பீடங்கள் கட்டக் காசில்லை என்று அரசு சொல்லலாம். பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் முன்கூட்டியே ஒரு திகதி குறித்து, அதில் நிற்பதற்கு அந்தச் சாட்டுச் செல்லாது.