போர் பார்க்காத துவக்கு

என்னுடைய துவக்குக்கு என்னைவிட வயது கூட. 1944ஆம் ஆண்டு பேர்ண் நகரத்து அரச ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. முழுப் பெயர் கரபீனர் 31. எங்கள் சுடுநர் மன்றத்தில் எல்லோரும் கே-31 என்பார்கள். 1933 முதல் 1958 வரை இந்த ரகத்தில் 5 லட்சத்துக்கும் மேல் செய்து சுவிஸ் இராணுவத்துக்குக் கொடுத்தார்கள். அவ்வளவும் போருக்கென்று செய்தவை. இரண்டாம் உலகப் போர் எல்லைக்கு வெளியே நாலு பக்கமும் எரிந்தது, உள்ளே வரவில்லை. இந்த நாட்டு மண்ணில் படைகள் நேருக்கு நேர் மோதிய கடைசிப் போர் 1847 நவம்பரில் நடந்த உள்நாட்டுச் சண்டைதான். அது ஒரு மாதம்கூட நீளவில்லை. இறந்தவர்கள் நூறு பேரளவில்.

நான் கிளிநொச்சியில் வளர்ந்தவன். போருக்காகச் செய்த ஒரு ஆயுதம் போர்க்களத்தைப் பார்க்காமலே முதுமையடைய முடியும் என்பதே எனக்கு ஒரு புதுமையான செய்தியாக இருந்தது. இப்போது எம்மென்டால் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் தபால் விநியோகம் செய்கிறேன். சனிக்கிழமைகளில் இந்தப் பழைய துவக்கோடு 300 மீற்றர் தூரத்தில் குறி பார்க்கிறேன். இந்த விளையாட்டைப் பற்றி எங்கள் சனத்துக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். துவக்கின் பிடங்குக்கு அடியில் ஒரு உலோகத் தகடு, அதில் இரண்டு திருகாணி. கே-31 வாங்குகிற எவரும் ஒருநாள் அந்தத் திருகாணிகளைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்கள். ஏனென்றால் பல துவக்குகளில் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு சிறு சீட்டு இருக்கும். அந்தத் துவக்கைப் பொறுப்பேற்ற படைவீரனின் பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு, ஊர் எல்லாம் அதில் இருக்கும். என்னுடையதிலும் இருந்தது. எண்ணெய் ஊறிப் பழுப்பேறிய கடதாசி. தட்டச்சு எழுத்து. படைப்பிரிவின் பெயரை மட்டும் கோடிட்டு வெட்டி, மேலே பென்சிலால் வேறொன்று எழுதியிருந்தது. மனிதர் 1919இல் பிறந்தவர். ஊர் எங்களுக்கு இரண்டு பள்ளத்தாக்குத் தள்ளி. எல்லையில் காவல் நின்ற குளிர்காலங்களில் இந்த மரப்பிடங்கு அவர் தோளில் கிடந்திருக்கும். பிடங்கின் அடி முழுக்கச் சிராய்ப்பும் பள்ளமும். அதை மெருகேற்றித் தரவா என்று ஒரு தச்சர் கேட்டார், வேண்டாம் என்றேன். சீட்டையும் அதே இடத்தில் வைத்துத் திருகிவிட்டேன்.

ஒரு இராணுவத் துவக்கு எப்படி ஊர் விளையாட்டுக்குள் வந்தது? சுவிற்சர்லாந்தின் இராணுவம் பெரும்பாலும் குடிமக்கள் படை. வேலையும் குடும்பமும் வயலுமாக இருக்கிறவர்கள் குறித்த காலத்துக்குச் சேவைக்குப் போவார்கள். முடிந்ததும் சீருடையோடும் துவக்கோடும் வீட்டுக்குத் திரும்புவார்கள். சேவையெல்லாம் நிறைவேறிய பிறகு, நிபந்தனைகளின் பேரில், துவக்கைத் தமக்கே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. சேவையில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் 300 மீற்றரில் 20 ரவை சுட்டுக் காட்டும் கடமை இருக்கிறது. 85க்கு 42 புள்ளியாவது எடுக்க வேண்டும். இதை நடத்திக் கொடுப்பவை ஊர்தோறும் உள்ள சுடுநர் மன்றங்கள். அவற்றின் நாடளாவிய சங்கம் 1824இல் ஆராவ் நகரில் தொடங்கியது. இன்றைய கூட்டாட்சி அரசுக்கே 1848இல்தான் அரசியலமைப்பு வந்தது. அரசைவிட மூத்த சங்கம்!

இந்த மன்றங்களின் பெரிய திருவிழா ஃபெல்ட்ஷீஸன். மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு வார இறுதி. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நிகழ்ச்சி நிரலைச் சுடுவார்கள். பங்குபற்றக் கட்டணம் இல்லை, ரவையும் இலவசம். எங்கள் மன்றத்து வாசலில் அன்று ட்ராக்டர்களும் சைக்கிள்களும் நிறைந்திருக்கும். உள்ளே விவசாயி, ஆசிரியை, வங்கி மேலாளர், பள்ளி மாணவன் எல்லோரும் ஒரே வரிசையில் பெயர் பதிந்து, புள்ளிச்சீட்டு வாங்கி நிற்பார்கள்.

இந்த விழாவின் விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று: இராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கிய ரகத் துவக்குகளால் மட்டுமே சுட வேண்டும். 1911இன் நீண்ட துவக்கு, கரபீனர் 11, என்னுடைய கே-31, அதன் பிறகு வந்த ஸ்ரூம்கெவேர் 57, இன்றைய படையின் ஸ்ரூம்கெவேர் 90 என்று நாலைந்து ரகம்தான். தொலைநோக்கி பூட்ட முடியாது. எந்தத் துணைப்பொருளைச் சேர்க்கலாம் என்பதற்கும் அதிகாரபூர்வப் பட்டியல் உண்டு. ஒலிம்பிக் வகைத் துவக்குகளின் விலையைக் கேட்டால் என் மாதச் சம்பளம் போதாது. இங்கே பணக்காரனும் நானும் ஒரே இரும்பைத்தான் பிடிக்கிறோம். பழைய இராணுவத் துவக்குகளால் ஆடும் போட்டியின் நேர்மை இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே புள்ளியை விலைக்கு வாங்க முடியாது.

கே-31 எப்படி வேலை செய்கிறது? மற்ற நாட்டுப் பழைய துவக்குகள் பலவற்றில் போல்ட்டின் கைபிடியை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மறுபடி கீழே மடக்க வேண்டும். சுவிஸ்காரர் ருடோல்ஃப் ஷ்மிட் 1889இலேயே இதைச் சுருக்கிவிட்டார்: நேரே இழு, நேரே தள்ளு. திருகுகிற வேலையை உள்ளே இருக்கும் உறையே செய்துகொள்ளும். அதே காலத்தில் தூண் நகரத்து ரவைத் தொழிற்சாலையில் எடுவார்ட் ருபின், ஈயச் சன்னத்துக்கு உலோகக் கவசம் போட்டு, சிறிய குழலில் அதிவேகமாகப் போகும் ரவையை உருவாக்கினார். அந்த வழியில் வந்த ஜிபி-11 ரவையைத்தான் நான் இன்றும் சுடுகிறேன். சன்னம் 11.3 கிராம், குழலை விட்டுப் புறப்படும்போது வினாடிக்கு 780 மீற்றர் வேகம். கேணல் அடோல்ஃப் ஃபுரரின் கைவண்ணத்தில் 1931இல் அந்தப் பொறிமுறை குறுகி, உறுதியாகி, கே-31 ஆனது. நிறை நாலு கிலோவளவில். பின்பக்கத்தில் ஒரு வளையம். அதை இழுத்துத் திருப்பினால் துவக்கு பாதுகாப்பு நிலைக்கு வந்துவிடும். கையுறை போட்ட விரலாலும் செய்யலாம், பனிநாட்டுக்காரன் யோசித்துச் செய்தது.

பின்குறி ஒரு சிறு வெட்டு, முன்குறி ஒரு தகட்டு முனை. பின்குறியில் 3 என்ற கோட்டில் வைத்தால் 300 மீற்றர். படுத்த நிலையில்தான் சுடுவது. இடது முழங்கை துவக்குக்கு நேர் கீழே, கன்னம் மரத்தில். பழகாதவர்கள் இலக்கைக் கூர்ந்து பார்ப்பார்கள். இலக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும், முன்குறியின் முனை மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். மனிதக் கண்ணால் இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். விசைக்கு இரண்டு கட்டம்: முதல் கட்டத்தில் தளர்வாக வரும், பிறகு ஓரிடத்தில் தட்டி நிற்கும். அந்த இடத்தில் காத்திருந்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வெடி எப்போது போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாமல் போனால்தான் அது நல்ல வெடி. தெரிந்துவிட்டால் தோள் முன்கூட்டியே சுருங்கும், குழல் கீழே சரியும்.

ஃபெல்ட்ஷீஸனில் 300 மீற்றருக்கு மொத்தம் 18 ரவை, ஒவ்வொன்றுக்கும் உச்சம் 4 புள்ளி, ஆக 72. முதல் 6 தனித்தனி வெடி. ஒவ்வொன்றின் புள்ளியும் உடனே தெரியும். பிறகு மூன்று மூன்றாக இரண்டு தொடர், தொடருக்கு 60 வினாடி. கடைசியில் 60 வினாடிக்குள் 6 வெடி. கே-31இன் ரவைக்கூடு சரியாக 6 ரவை கொள்ளும், இந்த நிமிடத்துக்கென்றே செய்ததுபோல.

அந்த ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். தகர விளிம்பு போட்ட அட்டைக் கவ்வியில் 6 ரவை. அதைத் துவக்கின் மேல்வாயில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினால் ஆறும் ஒரே சரிவில் உள்ளே இறங்கும். ‘தொடங்கு’ என்ற கட்டளை வரும். முதல் வெடி. கோது மேலே துள்ளி வலப்பக்கத்துச் சீமெந்தில் கிணுங்கி விழும். தோளை எடுக்காமல், கன்னத்தை மரத்திலிருந்து நகர்த்தாமல், கையை மட்டும் இழுத்துத் தள்ள வேண்டும். மூன்றாவது வெடிக்குள் குழலிலிருந்து சூடு எழும்பி முன்குறி லேசாக நடுங்குகிற மாதிரித் தெரியும். பக்கத்து மேடைக்காரரின் வெடிச்சத்தம் காதுக்கவசத்தைத் தாண்டி நெஞ்சில் தட்டும். அவசரப்படுகிறவர்கள் நாற்பது வினாடியில் முடித்துவிட்டு இருபது வினாடி சும்மா கிடப்பார்கள். ஒரு வெடிக்குப் பத்து வினாடி என்பது தாராளம் என்று எங்கள் சுடுதல் ஆசிரியர், எழுபது தாண்டிய ஒரு பாற்கட்டி வியாபாரி, ஒவ்வொரு முறையும் சொல்வார். தொடர் முடிந்த பிறகே ஆறு புள்ளியும் திரையில் வரும். அதுவரை ஊகம்தான்.

அந்தத் திரையும் புது வரவு. முன்பெல்லாம் இலக்குக்குக் கீழே குழியில் ஆள் இருந்து, நீண்ட கம்பின் நுனியில் வட்டத் தட்டைத் தூக்கி, எங்கே பட்டதென்று காட்டுவார். இப்போது ஒலிவாங்கிகள் சன்னத்தின் சத்தத்தை வைத்தே இடத்தைக் கணித்துவிடுகின்றன. இலக்குக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் நூறாண்டு ஈயம் ஊறிக் கிடந்தது. பல இடங்களில் அந்த மண்ணைத் தோண்டி அகற்றி, சன்னத்தைப் பிடித்துவைக்கும் பெட்டிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் சத்தத்தைப் பற்றி முறையிடுவதும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சுடும் நாளும் நேரமும் அதனால்தான் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன.

இனி எங்கள் சனம் கேட்கிற கேள்வி. என் அம்மா கேட்டா: “ஏன் தம்பி, உந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள்?” அவவுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்தினேன். ஒவ்வொருவரும் சுட்டு முடிந்ததும் போல்ட்டைத் திறந்து, ரவைக்கூட்டைக் கழற்றி, குழல் வெறுமை என்று ஆசிரியருக்குக் காட்டுவதை அம்மா பார்த்தா. அவர் தலையசைக்காமல் எவரும் எழும்ப முடியாது. வாங்கிய ரவைக்குக் கணக்கு, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். “உதுக்கெல்லாம் ஆர் பொறுப்பு?” என்று கேட்டா. அந்தப் பாற்கட்டி வியாபாரியைக் காட்டினேன். கனநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. அதற்குப் பிறகு என்னைத் தடுக்கவில்லை.

இந்த நாட்டிலும் துவக்கால் துயரம் நடந்திருக்கிறது. 2001இல் சூக் மாநில நாடாளுமன்றத்துக்குள் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான். படைவீரர்கள் வீட்டில் முத்திரையிட்டு வைத்திருந்த ரவைகளை வழங்கும் வழக்கம் 2007இல் நிறுத்தப்பட்டது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான ஆயுத விதிகளை ஏற்பதா என்று மக்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய 64 வீதத்தினர் ஆம் என்றார்கள். பல சுடுநர் மன்றங்கள் அதை எதிர்த்தன. நான் ஆம் என்றே வாக்களித்தேன், இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். கட்டுப்பாடு இல்லாத இடத்தில் இந்த விளையாட்டு ஒருநாளும் உயிர்வாழாது.

எங்களோடு நேரடியாகத் தொடர்புள்ள சட்டம் ஒன்றும் உண்டு. இலங்கை உட்படச் சில நாடுகளின் குடிமக்கள் சுவிற்சர்லாந்தில் துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது, சுடுவதற்கும் தடை. இங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், கையில் நிரந்தர வதிவிட அனுமதி இருந்தாலும், கடவுச்சீட்டு இலங்கையுடையதென்றால் தடைதான். விதிவிலக்கு அனுமதி மாநில அதிகாரிகள் கையில். நான் சுவிஸ் குடியுரிமை பெற்ற பிறகுதான் மன்றத்தில் சேர முடிந்தது. என் மச்சான் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கிறார். ஃபெல்ட்ஷீஸனுக்கு வருவார், வாட்டிய சேர்வெலா என்ற தொத்திறைச்சியும் பாணும் சாப்பிடுவார், துவக்கைத் தொடமாட்டார். பிறந்த நாட்டை வைத்து ஒரு மனிதரின் பொறுப்புணர்வை அளப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

என் மகள் இங்கே பிறந்தவள். ஊர் மன்றத்தின் இளையோர் பயிற்சியில் ஸ்ரூம்கெவேர் 90இல் பழகுகிறாள். டோக்கியோவில் நீனா கிறிஸ்டனும் பாரிஸில் கியாரா லியோனேயும் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகு, பெண்பிள்ளைகள் வருவதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. அவளுக்கு என் கே-31 பாரம், உதை கூட. என்றாலும் பிடங்குக்குள் இருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டு, அந்த மனிதரின் ஊரை வரைபடத்தில் தேடினாள். பல ஊர்களில் ஆள் குறைந்து, மன்றங்கள் ஒன்றோடொன்று இணைந்து வருகிற காலம் இது. பிள்ளைகள் வந்தால்தான் இந்தப் பழைய துவக்குகள் மேடையில் இருக்கும். இல்லாவிட்டால் சுவரில் தொங்கும்.

சுவிஸ் குடியுரிமை உள்ள தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஃபெல்ட்ஷீஸன் அன்று உங்கள் ஊர் மன்றத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். துவக்கும் காதுக்கவசமும் அங்கே தருவார்கள், பக்கத்தில் ஒருவர் படுத்திருந்து சொல்லித் தருவார். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுட முன்வர வேண்டாம். பார்வையாளராக வரலாம், கண்ணாடிக்குப் பின்னால் கதிரை இருக்கிறது.