ஒரு தட்டும் ஐந்து கைகளும்

எதியோப்பியாவிலே தொண்டாசிரியனாக நான் வாழ்ந்த காலத்தில், ஐந்து நாட்டவராகிய நாங்கள் ஒரு வீட்டிலிருந்தோம். சமைத்ததும் உண்டதும் தனித்தனியே. அவ்வழக்கத்தை மாற்றிற்று இஞ்செரா என்னும் உணவு.

தெஃப் என்னும் நுண்ணிய தானியத்தின் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற மண்ணோட்டில் வார்த்தெடுக்கும் அப்பம் அது. தோசையறிந்த நாவுக்கு அப்புளிப்பு அந்நியமன்று. அயல்வீட்டு மூதாட்டியிடம் அதனைக் கற்று, ஒரு வெள்ளிக்கிழமை நண்பர்களுக்குப் படைத்தேன். புதனும் வெள்ளியும் அந்நாட்டுத் தொன்மையான கிறிஸ்தவ சபையார் ஊன் விலக்கும் நோன்பு நாட்கள். வெள்ளியில் மரக்கறியே உண்டு வளர்ந்த எனக்கு அது நம்மூர் வழக்கமாகவே தோன்றிற்று. பருப்புக் குழம்பே போதியதாயிற்று.

ஒரே தட்டைச் சூழ்ந்திருந்து, வலக்கையாற் பிய்த்துண்பது அங்குள்ள மரபு. குழம்பு தோய்த்த கவளமொன்றை அருகிலிருப்பவர் வாயில் ஊட்டுதல் அன்பின் அடையாளம். அதனைக் குர்ஷா என்பர். கற்பிக்க வந்தோம், உதவ வந்தோம் என்ற எண்ணத்தோடு வாழ்வோர்க்குப் பிறர் கையால் உண்பது எளிதோ? கொடுப்பவன் நிமிர்ந்திருக்கலாம், ஏற்பவன் வாய்திறந்து காத்திருக்க வேண்டும். முதலிலே கூசினோம், பின்னர் ஒருவர்க்கொருவர் ஊட்டினோம். தொண்டு செய்வோர் ஏற்கவும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அந்தத் தட்டிலேதான் கற்றோம்.

அதன்பின் வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் ஓர் அடுப்பே எரிந்தது.