மூழ்கிய சம்பாவுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருமா?

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில் கார்த்திகை பிறந்துவிட்டால் உழவர்களின் கண் பாதி வானத்திலும் பாதி வடிகாலிலும் இருக்கும். மேற்கே பெய்யும் மழைநீரும் அடப்பாறு, அரிச்சந்திரா நதி வழியாக இங்கேதான் வந்து சேருகிறது. கடல் ஏறி நிற்கும் நாளில் அது வடிவதில்லை. தலைஞாயிறு, வேதாரண்யம் வட்டாரங்களில் சம்பாப் பயிர் நாள்கணக்கில் நீருக்குள் கிடப்பது புதிதல்ல. பிரிமியம் கட்டியிருக்கிறோமே என்று உழவர் தம்மைத் தேற்றிக் கொள்கிறார். ஆனால் பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வருகிறது. இவர் கிராமத்துக்கு வருவதில்லை. காரணம் என்ன?

2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 1.5 பங்கு. ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 450 ரூபாய். மீதியை அரசுகள் ஏற்கின்றன. ஆனால் மகசூல் இழப்பு தனித்தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை. வருவாய்க் கிராமம் முழுவதும் ஒரே வயலாகக் கருதப்படுகிறது. அறுவடையின்போது கிராமத்தில் சில வயல்களில் மட்டும் அளந்து அறுத்து, சராசரி காண்கிறார்கள். அது முன்கூட்டி நிர்ணயித்த உத்தரவாத மகசூலுக்குக் குறைந்தால் அந்தக் குறைவின் விகிதத்தில் இழப்பீடு உண்டு.

உதாரணமாக, உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ என்போம். கிராமச் சராசரி 600 கிலோ என்றால் குறைவு 40 சதம். ஏக்கருக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். மேட்டு வயல்கள் நன்றாக விளைந்து சராசரி 1,050 கிலோவுக்கு வந்துவிட்டால், பள்ளத்தில் இருப்பவர் ஒரு மூட்டை கூட எடுக்காவிட்டாலும் இந்தக் கணக்கில் ஒரு காசும் இல்லை. பள்ளக்கால் உழவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

தனி வயலுக்கு இழப்பீடு கேட்க வேறு வழி உண்டு. ஆலங்கட்டி மழை, நீர் தேக்கம் போன்ற இடர்கள் அதில் அடங்கும். ஆனால் நீரில் மூழ்கும் நெல்லை 2018-ல் இதிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீண்டும் சேர்ப்பதாகவும் 2026 காரிப் பருவம் முதல் நடைமுறைப்படுத்துவதாகவும் 2025 நவம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம் அறிவித்தது. தங்கள் கிராமத்துக்கு இது உண்டா என்பதை பிரிமியம் கட்டும்போதே கூட்டுறவுச் சங்கத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்து கெட்டாலும் 14 நாள் வரை தனி வயலுக்கே கேட்கலாம். எதுவானாலும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொன்னால் போதும். பதிவு எண்ணைக் குறித்துக் கொள்ள மறக்கலாகாது. தண்ணீர் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

ரசீதைக் கையில் வாங்கியதும் சர்வே எண்ணையும் கிராமத்தின் பெயரையும் அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஓர் எண் மாறினாலும் பின்னால் அலைச்சல்தான். குத்தகைக்காரர்களும் இத்திட்டத்தில் சேரலாம்.

பயிருக்குக் கட்டிய பணம் வீட்டையும் மாட்டையும் காக்காது. 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் பயிரோடு நிற்கவில்லை. தென்னை, கூரை, ஆடு மாடு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. கறவை மாட்டுக்குத் தனி இன்ஷூரன்ஸ் உண்டு. காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே சொல்லி மறுவில்லை போட வேண்டும். வில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் கிடைக்காது. வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. வெள்ளமும் புயலும் இதில் அடக்கம். கூரை வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை ஏற்பார்களா என்று கேட்டுத் தெளிந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

சம்பாப் பயிருக்குப் பதிவு பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடிகிறது. கடைசி இரண்டு நாளில் சங்கத்து வாசலில் கூட்டம் நெரியும். கம்ப்யூட்டரும் அன்று பார்த்துத்தான் மக்கர் செய்யும். ஐப்பசி தொடக்கத்திலேயே அடங்கல் வாங்கி வைத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை.