மலை இறங்கினால் ஏறும் பிரஷர்

டெல்லியிலிருந்து லடாக்கின் லே நகரத்துக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி ஏறினால் நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு நாள் எங்கும் போகாமல் பேசாமல் படுத்திருங்கள் என்று விடுதிக்காரரே சொல்லிவிடுவார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். சமவெளியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். பற்றாக்குறையை ஈடுகட்ட இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, பிரஷர் எகிறுகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமில், 5,400 மீட்டரில், இத்தாலிய மருத்துவர்கள் நல்ல ஆரோக்கியமான ஆட்களின் கையில் பட்டையைச் சுற்றி இரவும் பகலும் அளந்தார்கள். மேல் அழுத்தம் சராசரியாக 14 புள்ளி கூடியிருந்தது.

இது விருந்தாளியின் பாடு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருப்பவர்களுக்கு?

லடாக் மருத்துவர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2007 முதல் 2011 வரை 2,800 பேருக்கு பி.பி. பார்த்தார்கள். சிந்து நதியோரம் தாழ்ந்த ஊர்களில் பார்லி விதைக்கும் விவசாயிகள், லே நகரவாசிகள், 4,000 மீட்டருக்கு மேல் சாங்தாங் மேட்டுவெளியில் ஆடு மேய்ப்பவர்கள், அந்த மேய்ச்சலை விட்டுவிட்டு லேயில் குடியேறியவர்கள் என்று நான்கு தரப்பு. உயரம்தான் வில்லன் என்றால் மேய்ச்சல்காரர்களுக்குத்தானே ரத்தக் கொதிப்பு அதிகம் இருக்க வேண்டும்? அவர்களுக்குத்தான் எல்லோரையும் விடக் குறைவு. நூற்றுக்கு 28 பேர். விவசாயிகளில் 33, நகரவாசிகளில் 41. மலையிறங்கி நகரத்துக்கு வந்தவர்களில் 48. அண்ணன் மேலே ஆட்டுடன் நிற்கிறான், தம்பி ஓராயிரம் மீட்டர் கீழே வந்துவிட்டான், காற்றில் ஆக்சிஜன்கூடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் மாத்திரை தேவைப்படுவது தம்பிக்கு.

சந்தேகம் வரும். உப்பைச் சொல்லலாமே? சொல்லலாம். லடாக்கின் ‘குர்குர் சா’ நம் டீ போன்றது அல்ல. தேயிலையைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, வெண்ணெயும் உப்பும் போட்டு, ஆள் இடுப்பளவு நீண்ட மரக்குழாயில் ஊற்றி, மத்தை மேலும் கீழும் இழுத்துக் கடைவார்கள். அப்போது எழும் சத்தம்தான் அதன் பெயர். விருந்தாளி ஒரு வாய் குடித்ததும் கோப்பை மறுபடி விளிம்புவரை நிரம்பும். போதும் என்றால் அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும்போது குடித்து முடிக்க வேண்டும். இந்த வழக்கம் தெரியாமல் மரியாதைக்காகக் குடித்துக் காலி செய்துகொண்டே இருப்பவரின் நிலைமை பரிதாபம். நாளுக்கு எத்தனை கோப்பை, எத்தனை சிட்டிகை உப்பு! ஆனால் அண்ணனும் இதைத்தானே குடிக்கிறான்.

வித்தியாசம் மற்ற நேரத்தில் இருக்கிறது. சாங்தாங்கில் பாஷ்மினா ஆடு புல்லைத் தேடி நடக்கும், ஆள் அதன் பின்னால் நடப்பான். யாக் முடியில் நெய்த கூடாரத்தைப் பிரித்து, மூட்டை கட்டி, அடுத்த மேய்ச்சலில் மறுபடி அடிக்க வேண்டும். மைனஸ் 30 டிகிரியில் உடம்பு சூட்டைக் காப்பதே ஒரு வேலை. உப்பும் கொழுப்பும் அந்த வாழ்க்கைக்கு ஒத்துப்போயின. சாங்தாங்கின் கர்னக் பகுதியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் இறங்கி வந்த குடும்பங்கள் லேயின் விளிம்பில் கர்னக்லிங் என்று ஒரு குடியிருப்பையே உருவாக்கிவிட்டன. அங்கே ஆடு இல்லை. ரேஷன் அரிசியும் சர்க்கரையும் இருக்கின்றன. வண்டி ஓட்டலாம், கடை வைக்கலாம், காவல் வேலைக்குப் போகலாம். எல்லாம் உட்கார்ந்த வேலை.

நோயாளிகளே ஆஸ்பத்திரியைத் தேடி இறங்கியிருந்தால் கணக்கு கோணிப்போகுமே என்று கேட்பவர்களுக்குப் பெரு நாட்டைக் காட்டலாம். 1980களில் ‘ஒளிரும் பாதை’ கிளர்ச்சியாளர்களுக்கும் ராணுவத்துக்கும் இடையே மாட்டிக்கொண்ட அயகுச்சோ மலைக்கிராமத்து மக்கள், உயிர் பிழைத்தால் போதும் என்று கடலோரத் தலைநகர் லிமாவுக்கு ஓடினார்கள். வசதி பார்த்து வந்தவர்கள் அல்ல. 2007-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று ஊரிலேயே தங்கியவர்கள், ஓடிவந்தவர்கள், லிமாவிலேயே பிறந்தவர்கள் என்று 989 பேரை ஒப்பிட்டது. பிரஷருக்குத் துணையாக வரும் பருமன் படிக்கட்டுப் போல ஏறியது: கிராமத்தில் மிகக் குறைவு, வந்தவர்களிடம் நடுத்தரம், நகரத்தில் பிறந்தவர்களிடம் உச்சம்.

மலைக்கு இதில் பங்கே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. அமெரிக்க ராணுவத்தில் சிப்பாய் தன் முகாமைத் தேர்ந்தெடுப்பதில்லை, உத்தரவு வந்த இடத்துக்குப் போகிறான். சுமார் 98,000 பேரின் பதிவேடுகளைப் புரட்டியதில், 1,960 மீட்டருக்கு மேலுள்ள முகாம்களில் இருந்தவர்கள் பருமனாகும் வாய்ப்பு தாழ்நிலத்தில் இருந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. ஜெர்மனியில் இன்னும் வேடிக்கை. பருமனான 20 ஆண்களை சுக்ஸ்பிட்சே மலையில் 2,650 மீட்டர் உயரத்து ஆய்வு நிலையத்தில் ஒரு வாரம் தங்கவைத்தார்கள். வழக்கத்தை மீறிய உடற்பயிற்சி கூடாது, சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு கிடையாது. பசி தானாக மட்டுப்பட்டது, சராசரியாக ஒன்றரைக் கிலோ குறைந்தது, கீழ் அழுத்தமும் இறங்கியது. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடியிருந்தது.

ஆக, உயரம் ஒரு கையால் பிரஷரை ஏற்றுகிறது, மறு கையால் பசியைக் குறைக்கிறது. எந்தக் கை ஓங்கும் என்பதை மலை தனியாகத் தீர்மானிப்பதில்லை, கூடாரமா குடியிருப்பா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. லே, லிமாவைப் போலக் கடலோரத்தில் இல்லை, ஆனால் அது நகரமாவதற்கு உயரம் தடையாக இல்லை.

லே வீடுகள் பலவற்றில் இப்போது குர்குர் சாவை மிக்ஸியில் போட்டு அடிக்கிறார்கள். அரை நிமிட வேலை, மத்து இழுத்துத் தோள் வலிக்காது. மரக்குழாய் அலமாரி மேல் அழகுக்கு நிற்கிறது. உப்பு பழைய கணக்கில்தான் விழுகிறது.