பூஜ்யம் வேறு, வெற்றுக்குறி வேறு

2005-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மும்பையின் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கொலாபாவில் பதிவானதோ 73 மில்லிமீட்டர் மட்டுமே. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஆண்டாப் ஹில் போன்ற பகுதியின் மழையை இவ்வெண்களைக் கொண்டு ஊகித்தல் இயலாது. ஆகவே பெருநகருக்குப் பல மழைமானிகள் தேவையாகின்றன.

மானிகள் பலவாகும்போது அவற்றுள் சில செய்தி அனுப்பத் தவறுதலும் நேரும். கிட்டாத அளவைக் கணிப்பொறியில் 'நல்' என்னும் வெற்றுக்குறி உணர்த்தும். பூஜ்யம் என்பது மழை பெய்யவில்லை என்று அளந்தறிந்த முடிவு. வெற்றுக்குறியோ அளவு கிட்டவில்லை என்பதற்கு அடையாளம்.

ஆண்டாப் ஹில் வட்டாரத்தில் நான்கு மானிகள் இருப்பதாகக் கொள்க. ஒரு மணி நேரத்தில் அவை தந்தவை 40, 0, 20 மில்லிமீட்டர், நான்காவது வெற்றுக்குறி. பட்டியல் முழுவதையும் வடிகட்டல், உருமாற்றல், தொகுத்தல் என்னும் படிகளின் வழியே செலுத்துவது சார்புமுறை நிரலாக்கம். 2014-இல் வெளிவந்த ஜாவா 8 இம்முறைக்கு இடமளித்தது. வெற்றுக்குறியை எண்ணாகக் கருதிக் கூட்ட முற்பட்டால் நிரல் பிழையுற்று நின்றுவிடும். நல்ல அளவுகள் மூன்றும் பயனற்றுப் போகும். அதைப் பூஜ்யமாக மாற்றினால் சராசரி 15 ஆகும். முதற்படியிலேயே வடிகட்டி நீக்கினால் கிடைப்பது 20. கிட்டிய அளவுகளின் உண்மையான சராசரி இதுவே.

உருமாற்றும் படியிலும் வெற்றுக்குறி தோன்றக்கூடும். ஒரு நிலையத்தின் பெயரைக் கொண்டு அதன் அளவைத் தேடும்போது அது கிட்டாமற் போகலாம். அத்தகைய இடங்களில், மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதை வெளிப்படையாகக் காட்டும் 'ஆப்ஷனல்' என்னும் உறையைப் பயன்படுத்துதல் நன்று. 1965-இல் வெற்றுச் சுட்டியைப் புகுத்திய டோனி ஹோர் என்னும் அறிஞரே, 2009-இல் அதனைத் தமது நூறு கோடி டாலர் பிழை என்று குறிப்பிட்டார்.

எனினும் வடிகட்டலோடு கடமை முடிந்துவிடாது. மின்சாரமும் செய்தித் தொடர்பும் அறுபடுதல் பெரும்பாலும் கடுமழையின்போதே நிகழும். ஆகவே செய்தி வராத மானியின் அருகிலேயே மழை மிகுதியாய்ப் பெய்திருக்கவும் கூடும். "சராசரி 20, நான்கில் மூன்று மானிகள்" என நீக்கியவற்றின் கணக்கையும் முடிவுடன் தருதல் வேண்டும்.

களப்பணியாளரும் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். அளவெடுக்க இயலாத நாளில் ஏட்டில் பூஜ்யம் எழுதலாகாது. கோடிட்டுக் காரணத்தைக் குறித்தல் வேண்டும். ஏட்டில் ஒருமுறை பூஜ்யமாகிவிட்ட வெற்றிடத்தை எந்த நிரலாலும் மீண்டும் இனங்காண இயலாது.